ஆறு இன்ச் நாகரிகம்

மனித குலத்தின் வரலாறு என்பது தரையிலிருந்து விலகிய வரலாறு. இதை என் அக்காவின் கணவர், காலைக் காபியை ஆற்றிக்கொண்டே, யாரும் கேட்காமலேயே அறிவித்தார். நான்கு காலில் போனவன் ஒருநாள் இரண்டு காலில் நிமிர்ந்தான். அதுதான் உலகின் முதல் லிஃப்ட் கிட். பிறகு பாயிலிருந்து கட்டிலுக்கு ஏறினான், கட்டிலிலிருந்து மாடிக்கு, மாடியிலிருந்து விமானத்துக்கு. நடுவில் இறங்கியவன் என்று எவனும் இல்லை. ஆகவே நம் வீட்டு வண்டியும் லிஃப்ட் கிட் போட்டு ஆறு இன்ச் உயர்ந்தாக வேண்டும்.

அத்தான் வாயில் 'ஆகவே' வந்தால் வீட்டுக்குள் ஏதோ ஒரு சாமான் வரப்போகிறது என்று பொருள். போன முறை வந்த 'ஆகவே'யில் மொட்டைமாடிக்கு ஒரு தொலைநோக்கி வந்தது. இப்போது அதில் ஈரத்துண்டு காய்கிறது.

அத்தானுக்கு டைல்ஸ் கடை. காலையிலிருந்து மாலை வரை சமதளம் விற்பவருக்கு மேடுபள்ளத்தின்மேல் காதல் வருவதில் ஆச்சரியம் இல்லை. அவரைப் போன்ற சமதள வியாபாரிகள் சிலர் சேர்ந்து மேடுபள்ளக் கழகம் ஒன்று நடத்தினார்கள். ஞாயிறுதோறும் தார்ச்சாலை ஓரத்து டீக்கடையில் பெரிய வண்டிகளை வரிசையாக நிறுத்தி, மலையைப் பற்றிப் பேசிவிட்டுக் கலைவார்கள். சேறு பட்ட வண்டியை ஒரு வாரத்துக்குக் கழுவக்கூடாது என்பது கழக விதி. வண்டியில் சேறே படாததால் அந்த விதியை இதுவரை யாரும் மீறியதில்லை.

ஆனால் வண்டி அத்தானுடையது என்று சொல்வது, கழுதை வண்ணானுடையது என்பதற்குப் பதில் துணிகளுடையது என்று சொல்வது மாதிரி. முன்னால் ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் திறந்த பெட்டி. அந்தப் பிக்கப் வண்டி வாரத்தில் ஆறு நாள் அக்காவோடு போகும். அக்கா மாட்டு டாக்டர். ஏழாவது நாள் டீக்கடைக்குப் போகும்.

அக்காவுக்கும் வண்டியை உயர்த்த வேண்டியிருந்தது. ஆனால் அவளுடைய காரணத்தில் மனித குலம் வரவில்லை. ஒரு வளைவுதான் வந்தது.

மலைமேல் கொஞ்சம் மாட்டுப் பண்ணைகள் இருந்தன. அக்கா ஒவ்வொரு வாரமும் போய்ப் போய், ஒவ்வொரு மாட்டின் கோபதாபமும் தெரிந்து, தனி ஆளாய்ச் சேர்த்த சுற்று அது. எந்த மாடு வலப்பக்கம் உதைக்கும், எது உதைப்பதுபோல் பாவலா செய்யும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அந்தப் பண்ணைகளுக்குப் போகும் மண்பாதையில் ஒரு வளைவு. மழைத் தண்ணீர் ஓடி ஓடி இரண்டு பக்கமும் சக்கரத் தடம் குழிந்து, நடுவில் மண் முதுகெலும்பு மாதிரி நின்றது. மலைக்காரர்கள் அதை முதுகு என்றே சொன்னார்கள். முதுகின்மேல் வண்டி ஏறினால் இன்ஜினுக்குக் கீழே இருக்கும் அடித்தகடு கறகறவென்று தேயும். அக்கா அங்கே வண்டியை நிறுத்தி, இறங்கி, வளைவை நடந்து பார்த்து, ஓரத்துக் கற்களைப் பொறுக்கிக் குழிந்த தடத்தில் அடுக்கி, அதன்மேல் சக்கரத்தை ஏற்றிப் போவாள். காய்ந்த நாளில் இது போதும். போன மழையில் எத்தனை கல் போட்டும் தகடு முதுகில் குந்திவிட்டது. ஒருவழியாகப் பின்னுக்கு எடுத்து, வண்டியைக் கீழே விட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு நடந்து போனாள். போய்ச் சேர்ந்தபோது மாடு தானாகவே ஈன்று, கன்றை நக்கிக்கொண்டிருந்தது. மேல்பண்ணைக்காரர் அவளுக்கு டீ கொடுத்தார். மலைக்கு அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் ஒரு டாக்டர் இருப்பதையும் டீயோடு சேர்த்துக் கொடுத்தார்.

"உங்களைக் குறை சொல்லல, டாக்டரம்மா. மழை வந்தா நீங்க வர்றது உங்க கையில இல்லையே. இந்த மழைக்காலம் பார்ப்போம்" என்றார்.

மேல்பண்ணை எந்தப் பக்கம் போகிறதோ, மற்ற பண்ணைகளும் அந்தப் பக்கம்தான் போகும். மழைக்காலமோ இதோ என்று நின்றது. அக்கா வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. சாப்பிட்ட தட்டை மட்டும் இரண்டு தடவை கழுவினாள்.

அத்தானுக்கு இதில் சோகம் தெரியவில்லை, வாய்ப்பு தெரிந்தது. அக்கா கல் அடுக்கும் பழக்கத்தின்மேல் அவருக்கு ஏற்கெனவே தீராத நக்கல். பெரிய வண்டியை வாங்கிக்கொண்டு கல் பொறுக்குவது, யானையை வாங்கிக்கொண்டு அதன் முதுகில் இருந்து பேன் பொறுக்குவதுபோல என்பார். என் மனைவி மலைக்குச் சாலை போட்டுக்கொண்டிருக்கிறாள், திறப்பு விழாவுக்கு எல்லோரும் வரவும் என்று கழகத்தின் வாட்ஸப் குழுவில் எழுதினார். இது தொடர்பாக அவர் ஒரு பொன்மொழியும் இயற்றியிருந்தார். இறங்கிப் பார்ப்பவன் ஓட்டுநர் அல்ல, பாதசாரி. கழகத்தில் இதற்கு நல்ல வரவேற்பு. ஒருவர் அதை வண்டியின் பின்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டார். அவர் டீக்கடை வாசலில் இருந்த சாக்கடை மூடியில் மாட்டிக்கொண்டு, நான்கு பேர் இறங்கித் தள்ளிவிட்ட கதை தனி.

ஆக, அத்தானும் அக்காவும் பட்டறைக்குக் கிளம்பினார்கள். விடுமுறைக்கு வந்த இடத்தில் சோற்றுக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்று நானும் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

பட்டறைக்காரரை ஊரே ஜாக்கி அண்ணன் என்று கூப்பிட்டது. வாயாலேயே வண்டியைத் தூக்கி நிறுத்திவிடுவார் என்பதால் வந்த பெயர் அது. சுவரில் ஸ்பிரிங்குகள், தரையில் ஷாக் அப்சார்பர்கள், நடுவில் ஒரு சுழல்நாற்காலி. அதில் உட்கார்ந்தபடி, துணிக்கடையில் விரித்துப் போடுவதுபோல ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார்.

முதலாவது ஸ்பேசர். முன்ஸ்பிரிங்கின் தலையில் தடித்த வட்டு ஒன்று, பின் அச்சுக்கும் பட்டை ஸ்பிரிங்குக்கும் நடுவில் ஒரு கட்டை. இரண்டு இன்ச் ஏறும். மதியம் விட்டால் சாயங்காலம் ஓட்டிக்கொண்டு போகலாம். அத்தான் அதைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். இந்த ஸ்பேசர் எங்கள் கடையிலும் இருக்கிறது, இரண்டு டைல்ஸுக்கு நடுவில் வைப்போம், வேலை முடிந்ததும் பிடுங்கி எறிந்துவிடுவோம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

இரண்டாவது, சேஸிஸ் என்ற அடிச்சட்டத்தை விட்டுவிட்டு மேல்கூட்டை மட்டும் கட்டை கொடுத்து உயர்த்துவது. இதை ஜாக்கி அண்ணனே மதிக்கவில்லை. பேண்ட்டை நெஞ்சு வரைக்கும் இழுத்துக் கட்டினால் ஆள் வளர்ந்துவிடுவானா, கீழே இடிக்கிறது கீழேயேதான் இருக்கும் என்றார்.

மூன்றாவது, ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு, தூக்க வேண்டிய பாரத்துக்கு ஏற்றதாய்ப் புதிதாக மாட்டுவது. உயரம் இதிலும் இரண்டு இன்ச்தான். அதைச் சொல்லும்போது அவர் குரலில் சுரத்தே இல்லை. நான்காவதுக்கு வந்ததும் நாற்காலியை விட்டு எழுந்தார். ஆறு இன்ச். முன்பக்கத்து இரும்பெல்லாம் வேறு, டயர் வேறு, அத்தான் வேறு. பட்டறை வாசலில் அப்படி ஒரு வண்டி நின்றது. அதன் பக்கத்தில் போய் நின்ற அத்தான், கோபுரத்தைப் பார்ப்பவர்போல அண்ணாந்து பார்த்தார். அவருடைய திருமணத்தன்று எடுத்த புகைப்படங்கள் எதிலும் அந்த முகம் இல்லை.

அந்த நேரத்தில் அக்காவைக் காணோம். தேடினால், அவள் எங்கள் வண்டிக்குக் கீழே கிடந்த கோணிச்சாக்கின்மேல் மல்லாக்கப் படுத்துக்கொண்டு, சினை பார்க்கும் மாட்டைத் தடவுவதுபோல அதன் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். அடித்தகட்டின் தேய்ந்த இடம், அதற்குப் பின்னால் குறுக்கு இரும்பு, அதற்கும் பின்னால் பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் அளவில் ஓர் உருண்டை. அதைத் தட்டிக்கொண்டே, ஆறு இன்ச் போட்டால் இது எவ்வளவு ஏறும் என்று கீழிருந்து கேட்டாள்.

ஜாக்கி அண்ணன் பட்டறையின் கூரையைப் பார்த்தார்.

"அது அச்சோட சேர்ந்ததும்மா. ஸ்பிரிங்கை எவ்வளவு தூக்கினாலும் அது அங்கேயேதான் இருக்கும். டயர் பெருசானா கொஞ்சம் ஏறும்."

"அப்ப ஆறு இன்ச் போட்டாலும் முதுகுல கல்லு அடுக்கணும்."

"கல்லு... கொஞ்சமா அடுக்கணும்" என்றார் அவர், விலையில் சலுகை தருபவர்போல.

அத்தான் இதைக் காதில் வாங்கவில்லை. நாகரிகத்தின் பாதையில் ஓர் உருண்டை குறுக்கே வர முடியாது என்பது அவர் கட்சி. வீடு வரும் வழியெல்லாம் ஆறு இன்ச்சிலிருந்து பார்த்தால் எதிரே வரும் வண்டிகளின் கூரை தெரியும் என்றார். எதிர்வண்டியின் கூரையைப் பார்த்து என்ன செய்வது என்று அக்கா கேட்கவில்லை. அவள் வேறு ஒன்று சொன்னாள். ஒரு வீட்டுக்குக் குடிபோகுமுன் சுற்றிப் பார்க்கிறோம் இல்லையா, அதுபோல ஆறு இன்ச்சிலும் ஒரு நாள் குடியிருந்து பார்த்துவிடலாம்.

டைல்ஸ் வந்திறங்கும் மரச்சட்டங்களிலிருந்து கழற்றிய பலகைகள் கடையின் பின்பக்கம் மலைபோல் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை அவை வீட்டு முற்றத்துக்கு வந்தன. ஜாக்கி அண்ணனும் தம் பெயருக்குக் காரணமில்லாத நிஜ ஜாக்கிகளோடு வந்தார். என் தொழிலில் இப்படி ஒரு சந்தேகப் பிராணியைப் பார்த்ததில்லை என்று முணுமுணுத்தாலும், வண்டியைத் தூக்கி நாலு சக்கரத்துக்கும் கீழே பலகைகளை அடுக்கி, சரியாக ஆறு இன்ச்சில் நிறுத்தினார். அத்தான் கடையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துவந்து முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் வைத்துப் பார்த்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. வண்டியின் பக்கத்தில் கைகட்டி நின்று படம் எடுத்துக் குழுவில் போட்டார். இதயங்கள் குவிந்தன. பலகைகள் தெரியாமல் படத்தின் அடியை வெட்டியிருந்தார் என்பதை இங்கே பதிவு செய்வது என் கடமை.

முதலில் ஏறியது அத்தானின் அப்பா. எந்தப் புது ஏற்பாடானாலும் முதல் ஆளாகச் சோதித்துவிட்டுக் குறை சொல்லும் உரிமை அவருக்கு அந்த வீட்டில் நிரந்தரமாக இருந்தது. கைப்பிடியைப் பிடித்து, ஒரு முழங்காலை முதலில் அனுப்பி, மற்ற உறுப்புகளைப் பின்னால் வரவழைத்து, எப்படியோ முன்சீட்டில் சேர்ந்தார். கதவைச் சாத்திக்கொண்டு செய்தித்தாளை விரித்தார். வெளியே வரச் சொன்னபோது, இங்கே காற்று நன்றாக இருக்கிறது என்றார். கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டபோதும் காற்று நன்றாகவே இருந்தது.

அடுத்து அக்கா. அவள் ஏறவில்லை, ஏற்ற ஆரம்பித்தாள். மருந்துப் பெட்டி, தண்ணீர் டிரம், கயிறுகள், மாட்டைச் சாய்த்துக் கட்டும் மரச்சட்டம், ஒரு தவிட்டு மூட்டை. திங்கட்கிழமை காலையில் அந்த வண்டியில் என்னென்ன இருக்குமோ எல்லாவற்றையும் கொண்டுவந்து வைக்கச் சொன்னாள். வைக்க வைக்க வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தது. மூக்கு மேலே போனது. அத்தான் பெருமையாக வைத்திருந்த ரசமட்டத்தில் குமிழி ஓர் ஓரத்துக்கு ஓடி ஒளிந்துகொண்டது. கடைசி மூட்டை ஏறியபோது வண்டி வானத்தைப் பார்த்துக் கொட்டாவி விடுவதுபோல் இருந்தது. உள்ளேயிருந்து அத்தானின் அப்பா, செய்தித்தாள் மூஞ்சியில் விழுகிறது என்று புகார் செய்தார்.

காலி வண்டியை அளந்து பார்த்துத்தான் மேடுபள்ளக் கழகம் முழுவதும் வண்டியை உயர்த்தியிருந்தது. அவர்கள் வண்டிகள் எப்போதும் காலியாகவே ஓடின என்பதால் அந்த அளவு தப்பாகவும் இல்லை. டீக்கு என்ன பாரம் இருக்கப்போகிறது?

"வெறும் வயித்துல மாட்டை எடை பார்த்து, சினை மாட்டுக்கு மருந்து குடுத்த கதை" என்றாள் அக்கா.

பாரத்துக்குத் தகுந்த பின்ஸ்பிரிங் போட்டுவிட்டால் ஆறு இன்ச்சிலும் சரியாக நிற்கும் என்று ஜாக்கி அண்ணன் கைகொடுத்தார். அத்தானுக்கு உயிர் திரும்பியது. அவர் அடுத்த 'ஆகவே'க்கு வாயைத் திறந்தபோது, அக்கா உள்ளே போய், ஏற்றாமல் மிச்சம் வைத்திருந்த ஒரு கேனை எடுத்துக்கொண்டு வந்தாள்.

பால்காரர் கேனைக் கொஞ்சம் குண்டாக்கினால் எப்படியோ அப்படி இருக்கும். உள்ளே உறைகுளிரில் திரவ நைட்ரஜன், அதற்குள் சினை ஊசிக்கான குழல்கள். குழந்தையைத் தூக்குவதுபோல் நேராகத்தான் தூக்க வேண்டும். சாய்த்தால் உள்ளே இருப்பது கையில் கொட்டும், கொட்டிய இடம் வெந்ததுபோல் ஆகிவிடும். தினமும் அதை ஏற்றி இறக்குவது அவள்தான். இப்போது பின்கதவு அவளுடைய கழுத்தெலும்புக்கு நேரே இருந்தது. கேனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நுனிக்காலில் எழும்பினாள். விளிம்பு எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் எழும்பினாள். கேன் மெல்லச் சாய்ந்தது. மூடி ஓரத்திலிருந்து வெள்ளையாய் ஒரு புகை கிளம்பி அவள் மணிக்கட்டுப் பக்கம் வழிந்தது. அவள் அவசரப்படாமல் குதிகாலைத் தரையில் வைத்து, கேனையும் தரையில் வைத்தாள்.

அத்தான் அதற்குள் ஓடிவந்துவிட்டார்.

"தள்ளு, நான் எடுத்து வைக்கிறேன். இதுக்குப் போய்..."

"மலையில நீங்க இருப்பீங்களா?"

மாடு தீவனம் எடுக்கிறதா என்று கேட்பாளே, அந்தக் குரலில்தான் கேட்டாள். கோபம் இருந்திருந்தால் அத்தான் சமாளித்திருப்பார்; கோபத்துக்கு அவரிடம் பதில்கள் உண்டு.

"அங்க நான் மட்டுந்தாங்க இருப்பேன். மழை பெஞ்சுக்கிட்டு இருக்கும். முதுகுல வண்டி ஏறணும், அது நிஜம். ஏறினப்புறம் இதுல இருந்து நான் சாமானை இறக்கணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் எனக்கு அந்தப் பண்ணை."

வரலாற்றில் இடம்பெற வேண்டிய நிமிடம் அது. வண்டிக்குள் செய்தித்தாள் தாழ்ந்தது.

"ரெண்டு இன்ச்சே போடுங்கப்பா. நான் இறங்கணும்" என்றார் அத்தானின் அப்பா.

பலகைகளைக் கழற்றி இரண்டு இன்ச்சுக்குக் குறைத்தார்கள். அக்கா கேனை ஏற்றினாள், இறக்கினாள், மறுபடி ஏற்றினாள். பிறகு மெல்லிய பலகை ஒன்றைக் கூடுதலாகச் செருகச் சொல்லி அதிலும் செய்து பார்த்துவிட்டு, அதை எடுத்துவிடச் சொன்னாள். அடித்தகட்டுக்குக் கீழே தன் முன்கையை நிறுத்திப் பார்த்தாள். முதுகின் உயரம் அவள் கைக்குத் தெரியும். மடித்த விரல் கணுக்கள் தகட்டில் படாமல் போய்வந்தன. கல்லும் போட்டால் போதும் என்றாள்.

அதன்பிறகு ஸ்பேசரா, முழு செட்டா என்பதுதான் மிச்சம். ஸ்பேசர் போட்டால் காலி வண்டி உயரும், பாரம் ஏறியதும் பின்பக்கம் பழையபடி குந்திவிடும், ஷாக் அப்சார்பரும் எட்டாத எட்டுக்கு எட்டி எட்டிச் சீக்கிரம் ஓய்ந்துவிடும் என்று ஜாக்கி அண்ணனே ஒப்புக்கொண்டார். ஆகவே முழு செட். இந்த 'ஆகவே' அக்காவுடையது என்பதால் அத்தோடு நின்றது. தோற்றவர் தரப்புக்கு ஏதாவது தர வேண்டும் அல்லவா, ஷாக் அப்சார்பரின் நிறத்தை அத்தானே தேர்ந்தெடுக்கலாம் என்று முடிவானது. நீண்ட ஆலோசனைக்குப் பிறகு சிவப்பு என்றார். சக்கரத்துக்கு உள்பக்கம் இருப்பதால், அந்தச் சிவப்பைப் பார்க்கக் குப்புறப் படுக்க வேண்டும். கழகத்துக்கு அவர் அனுப்பிய அறிக்கை சுருக்கமானது. ஆறு இன்ச், கட்டம் கட்டமாக.

மழை சொல்லாமல் வரவில்லை. சொல்லிவிட்டு வந்து, போக மறுத்தது. மூன்றாவது நாள் காலை மேல்பண்ணையிலிருந்து போன் வந்தது. தலையீற்றுக் கிடேரி. பனிக்குடம் உடைந்து நேரமாகிறது, ஒரு கால் மட்டும் வெளியே தெரிகிறது, இன்னொரு காலைக் காணோம். அக்காவோடு வழக்கமாக வரும் உதவியாளருக்குக் காய்ச்சல். அவள் வண்டிச் சாவியை எடுக்கும்போது அத்தான் ஏற்கெனவே ஓட்டுநர் சீட்டில் இருந்தார். புது ஸ்பிரிங் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார். நான் பின்சீட்டில், மழைக்கு உள்ளே எடுத்துவைத்த கேன் சாயாமல் பார்த்துக்கொள்ளும் பதவியில்.

முதுகுக்கு முன்னால் அக்கா நிறுத்தச் சொன்னாள். ரப்பர் பூட்ஸோடு இறங்கினாள். மழையில் வளைவை ஒரு முறை நடந்து, குனிந்து, கற்களைப் பொறுக்கித் தடத்தில் அடுக்கத் தொடங்கினாள். நான் இறங்கப் போனேன். கேனை விட்டு அசையாதே என்று கைகாட்டிவிட்டாள். அத்தான் ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி, கண்ணாடியைத் துடைக்கும் வைப்பருக்கு ஏற்றாற்போல், பாதசாரி பாதசாரி என்று மெல்லப் பாடினார்.

"பாரு மச்சான். ஆறு இன்ச்சா இருந்தா இந்நேரம் மாட்டுக்குப் பேர் வச்சுட்டுத் திரும்பியிருப்போம்."

அக்கா வெளியிலிருந்து கையசைத்தாள். வண்டி நகர்ந்தது. முதுகு அடியில் வந்ததும் அத்தானின் பாட்டு நின்றது. தோள்கள் காதுவரைக்கும் ஏறின. கறகறவென்ற அந்தச் சத்தத்துக்காக நாங்கள் இருவருமே பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தோம். சக்கரத்துக்குக் கீழே கற்கள் ஒன்றோடொன்று முனகின. சத்தம் வரவில்லை. பின்சக்கரமும் ஏறி, இறங்கி, சமதளத்துக்கு வந்துவிட்டது. அக்கா ஓடிவந்து ஏறிக்கொண்டாள். பரவாயில்லையே என்று டாஷ்போர்டைத் தட்டினாள், மாட்டைத் தட்டுவதுபோல.

கொட்டகையில் மேல்பண்ணைக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அக்கா பின்கதவைத் திறந்து தனக்கு வேண்டியதைத் தானே எட்டி எடுத்தாள். அத்தான் நீட்டிய கை சும்மா நீண்டபடியே இருந்தது. அவருக்கு ஒரு வாளி கிடைத்தது. சோப்புத் தண்ணீர் வாளி. அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா ஈரவைக்கோலில் படுத்து, தோள்பட்டை வரைக்கும் கையை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டாள். கிடேரி முக்கும்போது பொறுத்து, விடும்போது தேடி, மடங்கிக் கிடந்த காலைக் குளம்போடு உள்ளங்கையில் பொத்தி, உள்சுவர் கிழியாமல் திருப்பிக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் செய்துகொண்டே, இதோ ஆச்சு, நீ நல்ல பொண்ணுதானே, யாரு உன்னை இப்படிப் படுத்தறது என்று கிடேரியோடு பேசினாள். அவள் தோளை ஒரு கணம் தளரவிட்டு மறுபடி உந்தியதை நான் பார்த்தேன். அத்தானும் பார்த்தார். வாளியில் தண்ணீர் தளும்பிக் காலில் கொட்டியும் அவர் நகரவில்லை.

இரண்டு காலும் மூக்கும் வரிசையாக வந்தபிறகு மற்றதெல்லாம் சுலபம். கன்று வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது, தும்மியது, உலகத்தைப் பற்றி உடனடியாக ஒரு புகார் கொடுத்தது. கிடேரி திரும்பிப் பார்த்துவிட்டு, இது எங்கிருந்து வந்தது என்ற முகத்தோடு நக்கத் தொடங்கியது.

மேல்பண்ணைக்காரர் அக்காவின் கைக்குச் சுடுதண்ணீர் ஊற்றினார். மலைக்கு அந்தப் பக்கம் பற்றிப் பேச்சே வரவில்லை.

"வர்ற வாரம் எல்லா மாட்டுக்கும் ஊசி போட்டுடலாமா, டாக்டரம்மா? கீழ்ப்பண்ணையிலயும் கேட்டாங்க."

"மழை விடாது போலிருக்கே."

"நீங்க வந்துடுவீங்க" என்றார் அவர்.

திரும்பும்போது மழை தூறலாகிவிட்டது. அக்கா முன்சீட்டில் ஏறி, பெல்ட் மாட்டி, ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாயோடு தூங்கிப்போனாள். கன்னத்தில் வைக்கோல் ஒட்டியிருந்தது. அத்தான் வழக்கத்துக்கு மாறாக இரண்டாவது கியரிலேயே உருட்டினார். கண்ணாடி வழியே என்னைப் பார்த்து, உதட்டில் விரல் வைத்தார்.

வளைவு வந்தது. காலையில் அடுக்கிய கற்களில் பாதியைத் தண்ணீர் உருட்டிக்கொண்டு போயிருந்தது. அப்படியே இறக்கினாலும் இறக்கிவிடலாம். தகடு ஒரு தடவை உரசும், அவ்வளவுதான். அத்தான் வண்டியை நிறுத்தினார். ஹேண்ட் பிரேக்கைச் சத்தம் வராமல் பல்பல்லாக இழுத்தார். அக்காவைப் பார்த்தார். கதவைத் திறந்து, இறங்கி, சாத்தாமல் சும்மா சேர்த்து வைத்துவிட்டு, கடைக்குப் போட்டுப்போகும் அதே செருப்போடு சேற்றில் நடந்தார்.

வளைவின் கடைசிவரைக்கும் போய்த் திரும்பி வந்தார். ஓரத்தில் தேடி ஒரு தட்டைக் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து தடத்தில் வைத்தார். அடுத்ததை வைத்தார். மூன்றாவதை வைத்துவிட்டு அதன்மேல் ஏறி நின்று, குதிகாலை மாற்றி மாற்றி அழுத்தினார். அது ஆடியது. சேற்றில் குந்தி, கிட்டத்தட்ட கன்னம் தரையில் படும் அளவுக்குக் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு அந்தக் கல்லை எடுத்து, அடியில் இருந்த மண்ணைக் கையால் வழித்துவிட்டு, வேறு பக்கமாகத் திருப்பி வைத்தார்.